கையை எடுத்தவர்கள்

— தங்கச்சி, விக்க வந்தவங்களே மாட்டோட குறையைக் கூவிக்கிட்டு நின்னா நடுவுல தரகன்னு நான் எதுக்கு? இந்த அப்துல் சுக்கூர் எதுக்குத் தோள்ல துண்டைப் போட்டுக்கிட்டு சமயபுரம் சந்தையில வெயில் காயணும்?

— உள்ளதைத்தானே பாய் சொன்னேன். வலத்து மாட்டுக்கு ரயில் சத்தம் ஆகாது. ஊதுனா வண்டியோட வயல்ல இறங்கிடும். வாங்குறவங்க பிள்ளை குட்டியை ஏத்திக்கிட்டுப் போக மாட்டாங்களா?

— போகட்டுமே. ரயிலும் மாடும் அவங்களுக்குள்ள பேசித் தீர்த்துக்கட்டும். தொட்டியம் பிச்சமுத்து மவ பவுனம்மா நொள்ளை சொல்லி மாடு விக்கிறான்னு கேட்டா, உங்கப்பா கபுர்லேருந்து எழுந்து வந்துடுவாரு.

— எங்கப்பாவுக்கு ஏது பாய் கபுரு? காவேரியில கரைச்சு வருஷமாச்சு.

— அதனாலதான் தைரியமா பேசுறே. மனுஷன் இருந்தா, செத்த மாட்டைத் தூங்குதுன்னு வித்துட்டு, சத்தம் போடாம ஓட்டிக்கிட்டுப் போங்கன்னும் சொல்லியிருப்பாரு. சரி, உன் அண்ணன் ராமர் எங்கே? தங்கச்சியைச் சந்தையில மாட்டோட நிறுத்திட்டு?

— அம்மனுக்கு மாவிளக்கு வைக்கப் போயிருக்கு. நான்தான் போகச் சொன்னேன். அது பக்கத்துல நின்னா, வாங்குறவன் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே விலையை இறக்கிடும். மத்தியானம் உப்பிலியபுரம் பஸ்ஸு. அதுக்குள்ள இந்த ஜோடியை முடிச்சுக் குடுங்க பாய்.

— உப்பிலியபுரமா? அப்ப லால்குடி?

— லால்குடியில எனக்கு என்ன இருக்கு? அவர் போனதும் கொழுந்தனுங்க நிலத்தை வளைச்சுக்கிட்டாங்க. இந்த ரெண்டும் நான் கன்னுலேருந்து வளர்த்ததுன்னு ஊரே சாட்சி சொன்னதால விட்டாங்க. அண்ணன் வீட்டுல மாடு கட்ட இடமில்ல. எனக்கே எங்க இடம்னு தெரியல.

— அண்ணிக்காரி எப்படி?

— நல்லவதான். நான் போறதுக்கு முன்னாடியே எனக்குன்னு ஒரு தட்டு எடுத்து வச்சிருக்காளாம். தனியா.

— யா அல்லா. சரி, கேளு. காலையிலேருந்து ஒரே ஒரு ஆள்தான் உன் ஜோடியை விட்டுக் கண்ணை எடுக்காம நிக்கிறாரு. கை சுத்தம். ஸ்ரீரங்கத்துல வண்டிப்பேட்டை வச்சிருக்காரு. தொட்டியத்து வாழைத்தாரு பாதி அவர் வண்டியிலதான் காந்தி மார்க்கெட்டுக்கு வருது.

— அப்ப கூட்டிக்கிட்டு வாங்களேன்.

— பேரைச் சொன்னா நீ மாட்டை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிடுவியேன்னு பாக்குறேன்.

— வீரமலையா?

— நான் சொல்லல. நீதான் சொன்னே.

— பாய், அந்த ஆளுக்கு விக்கிறதுக்கு, ரெண்டையும் அம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுட்டு நான் நடந்தே ஊருக்குப் போவேன்.

— கோயில்ல எனக்குத் தரகு குடுக்க மாட்டாங்களேம்மா. என் வயித்தையும் கொஞ்சம் யோசி. இதோ, வந்துட்டாரே. வா மாப்ளே வீரமலை, வா! மாட்டைப் பாரு. மாட்டை மட்டும் பாரு.

— பாத்தேன் ராவுத்தரே. ஜோடி நல்லா இருக்கு. விக்கிறவங்க நல்லா இருக்காங்களா?

— அவர்கிட்ட சொல்லுங்க பாய். மாடு வாங்க வந்தவங்க மனுஷங்க சுகத்தையெல்லாம் விசாரிக்க வேண்டாம்னு.

— ஏம்மா, கையை நீட்டினா தொடுற தூரத்துல நிக்கிறாரு, நான் வேற சொல்லணுமா? சரி. மாப்ளே, விசாரிக்க வேண்டாமாம்.

— கேட்டுச்சு ராவுத்தரே.

— கேட்டுச்சுல்ல, அதோட விடு. பல்லைப் பாரு. கொம்பைப் பாரு, ஒண்ணைப் பாத்து ஒண்ணு வளைஞ்ச மாதிரி. சுழி எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு. வண்டிக்கும் ஆச்சு, ஏருக்கும் ஆச்சு.

— வலத்து மாட்டுக்கு ரயில் ஆகாது. அதையும் சொல்லிடுங்க பாய்.

— சொல்லித் தொலைச்சிட்டா!

— பரவாயில்ல ராவுத்தரே. பேட்டைக்குப் பின்னாடிதான் ரயில் பாதை. முதல்ல எனக்கும் தூக்கம் வரல. அப்புறம் பழகிடுச்சு. மாட்டுக்கும் பழகும். விலை பேசலாமா?

— இந்தா துண்டு. கையை உள்ள விடு, ஊர் கண்ணுல படாம விரலாலயே விலை சொல்லு. தங்கச்சி, உன் கையை நான் பிடிச்சு விலை பேச முடியாது, அது எங்களுக்கு ஹராம். நீ மாட்டு முதுகுல விரலால தட்டு, நான் புரிஞ்சுக்கறேன். சுத்தி நிக்கிறவனுங்களுக்கு நீ மாட்டைத் தட்டிக் குடுக்குற மாதிரி இருக்கணும். ஆ, சரி. போதும். புரிஞ்சுது. மாப்ளே, என் விரலைப் பிடி, இதான் அவங்க கேக்குறது. இப்ப நீ உன்னோடதைச் சொல்லு. ஏய்யா! என்ன பண்றே?

— விலை சொல்றேன்.

— அவங்க கேட்டதுக்கு மேல பிடிக்கிறியே!

— அதான் என் விலை.

— தாடி நரைச்சவன்யா நான். இந்தத் துண்டுக்குள்ள பொய் பாத்திருக்கேன், சத்தியம் பாத்திருக்கேன், ஒருத்தன் கிள்ளினதுகூட உண்டு. வாங்குறவன் விலையை ஏத்தி இன்னிக்குத்தான் பாக்குறேன். தங்கச்சி, அவர் மேல போறாரு. பேசாம தலையை ஆட்டிடு. எனக்கும் தரகு கூட வரும்.

— பாவம் பாத்துக் குடுக்குறாராக்கும். வேண்டாம்னு சொல்லுங்க. இப்ப நான் தட்டுறதைப் பாருங்க.

— குறைக்கிறியே! முதல்ல கேட்டதுக்கும் கீழே வந்துட்டியே!

— ஆமா. இதுக்கு மேல ஒரு நயா பைசா எனக்கு வேண்டாம்.

— மாப்ளே, அவங்க இறங்கிட்டாங்க, நீயும் கொஞ்சம்... அடப்பாவி, மறுபடியும் ஏத்துறான்! ரெண்டு பேரும் சேர்ந்து என் தொழிலை மௌத்தாக்கி அடக்கமே பண்ணிட்டீங்க. இது வெளிய தெரிஞ்சா சந்தைக்காரனுங்க என்னைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போயி ஓதிப் பாப்பானுங்க.

— அந்த வீட்டு ஆளுங்களே அப்படித்தான் பாய். ஒண்ணு தலைக்கு மேல ஏத்துவாங்க, இல்லேன்னா காலடியில போடுவாங்க. எனக்குப் பரிசம் பேசினப்ப காலடியில போட்டாங்க. இன்னிக்கு மாட்டுக்கு ஏத்துறாங்க. மாடு குடுத்து வச்சது.

— யார் காலடியில போட்டது?

— அவர் தாய்மாமன் சின்னையான்னு சொல்லுங்க பாய். புயலடிச்ச வருஷம் சித்திரையில, இதே சந்தையில, உங்க துண்டுக்குள்ளதானே எங்கப்பாகூடக் கையை விட்டாரு?

— என் துண்டுதான். பொண்ணுக்கு எத்தனை கிடேரிக்கன்னு பரிசம்னு துண்டு போட்டுப் பேசின ரெண்டு பேரை இந்த ஜில்லாவுலயே நான் அன்னிக்குத்தான் பாத்தேன். வாயால பேசுங்கய்யான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். வாயால பேசினா என் பொண்ணு விலை ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போயிடும்னாரு உங்கப்பா. சின்னையாவும், ஆமா ஆமா, துண்டுதான் மரியாதைன்னாரு. மாட்டு வியாபாரிங்க சம்பந்தம் பண்ணினா அப்படித்தான்.

— ஒரு விரல் பாய்! ஒத்தை விரலைப் பிடிச்சாராம். ஒரு கிடேரிக்குப் பவுனம்மா! பிடிச்சுட்டுக் கையை உதறிக்கிட்டு எழுந்து போயிட்டாராம். எங்கப்பா வீட்டுக்கு வந்து அன்னிக்குச் சோறு திங்கல.

— எங்க மாமா உதறல பவுனு. உங்கப்பாதான் உதறினாரு. அஞ்சு விரலையும் சேர்த்து ரெண்டு தடவை பிடிச்சாராம். எங்க தொழுவத்துல அன்னிக்கு நின்னதே அவ்வளவுதான். பொண்ணு குடுக்க மனசில்லாதவன்தான் தொழுவத்தையே கேப்பான்னாரு மாமா.

— எங்கப்பாவா மனசில்லாதவரு? உங்களுக்குன்னு பேசி முடிக்கத்தானே கோழி கூவுறதுக்கு முன்னாடியே கிளம்பி வந்தாரு?

— எனக்கு எப்படித் தெரியும்? மாமா சொன்னதுதான் தெரியும்.

— நேருக்கு நேர் பேச ஆரம்பிச்சுட்டீங்களா? நல்லது. என் தொண்டையும் காஞ்சு போச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அவரு பிடிச்சது ஒண்ணு, இவரு பிடிச்சது பத்து. இது சண்டையா? இது பேரத்துக்கு பிஸ்மில்லா, ஆரம்பம்! வாங்குறவன் ஒண்ணுல ஆரம்பிப்பான், விக்கிறவன் பத்துல ஆரம்பிப்பான், டீ ஆறுறதுக்குள்ள நடுவுல எங்கயாவது வந்து உக்காருவாங்க. நீ பிச்சமுத்து பொண்ணு, இவன் சின்னையா மருமவன், இது கூடத் தெரியலையா?

— அப்ப ஏன் பாய் உதறிட்டு எழுந்தாங்க?

— ஒருத்தரும் உதறல. சுங்கம் வாங்குற கொட்டாய்ப் பக்கம் ஒரு காளை கயித்தை அறுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. நான் எழுந்து ஓடினேன், உங்கப்பா ஓடினாரு, சின்னையா என்னையும் தாண்டி ஓடினாரு. துண்டு சாணியில கிடந்துச்சு. அதைத் தோய்ச்சது என் பொஞ்சாதி ஷரீபா. இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா.

— காளையா?

— காளைதான். ஓடின அவசரத்துல ஒருத்தர் கை இன்னொருத்தர் கையிலேருந்து பிச்சுக்கிட்டு வந்துச்சு. அவன் உதறிட்டான்னு இவரு, இவன் உதறிட்டான்னு அவரு.

— காளையைப் பிடிச்சுக் கட்டின பிறகு திரும்பி வந்து உக்காந்திருக்கலாமே?

— தங்கச்சி, பிச்சமுத்து பொண்ணா இதைக் கேக்குறே? கையை எடுத்துட்டு எழுந்தவன் திரும்பி வந்தா என்ன அர்த்தம்? விலை போச்சுன்னு அர்த்தம். முதல்ல திரும்புறவன் தோத்தவன். உங்கப்பா தொட்டியத்துல உக்காந்துக்கிட்டு சின்னையா வருவான்னு வாசலைப் பாத்தாரு. சின்னையா ஸ்ரீரங்கத்துல உக்காந்துக்கிட்டு பிச்சமுத்து வருவான்னு பாத்தாரு. நான் ரெண்டு வீட்டுக்கும் போனேன். காளையைச் சொன்னேன். ரெண்டு பேரும் கேட்ட முதல் கேள்வி, அவன் அனுப்பினானா? இல்லன்னேன். அப்ப நீ டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புன்னாங்க.

— பெரியவங்களை விடுங்க பாய். அவங்களுக்குத் தொழில் தலைக்கேறியிருந்துச்சு. இவருக்கு என்ன? தார் ஏத்த வாரம் தவறாம தொட்டியத்துக்கு வந்தவருதானே? எங்க வாசலுக்கு வர வழி தெரியலையா?

— மாமா பொறுடான்னாரு. பொறு, ஐப்பசிக்குள்ள அவங்களே இறங்கி வருவாங்கன்னாரு. பொறுத்தேன். ஐப்பசியில உனக்குக் கல்யாணம்னு வாழைத்தோப்புல வெட்டுறவங்க பேசிக்கிட்டாங்க.

— லால்குடிக்காரங்க பேரமே பேசல. வந்தாங்க, பாத்தாங்க, நாள் குறிச்சுட்டுப் போயிட்டாங்க. எங்கப்பாவுக்கு அதுவே அவமானமாப் போச்சு. விலை கேக்காதவன் என்ன சம்பந்தின்னு கல்யாணம் முடியிற வரைக்கும் முனகிக்கிட்டே இருந்தாரு.

— நல்லா வச்சுக்கிட்டாரா?

— வச்சுக்கிட்டாரு. அடிக்கல, குடிக்கல. குழந்தைதான் இல்ல. கடைசியில ரொம்ப நாள் இருமினாரு. ஒரு நாள் காலையில இருமல. நீங்க?

— கட்டிக்கல.

— ஏன்?

— ரெண்டு மூணு இடத்துல பொண்ணு பாத்தாங்க. எங்க போனாலும் பரிசம் பேசத் துண்டை விரிச்சாங்க. எனக்குக் கை உள்ள போகல.

— அதுல ஒரு துண்டு என்னோடது தங்கச்சி. மூணு மைல் வெயில்ல நடந்து போயி துண்டை விரிச்சேன். இவன் கையைக் கட்டிக்கிட்டு வானத்தைப் பாக்குறான். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட எனக்குத்தான் திட்டு.

— பவுனு, ஒண்ணு சொல்லணும்.

— அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க. கூப்பிட வேண்டிய நாள்ல கூப்பிடல. இப்ப மாட்டைச் சாக்கு வச்சுக்கிட்டு வந்து விலையை ஏத்தினா எல்லாம் நேராயிடுமா?

— உனக்குக் கைச்செலவுக்கு ஆகுமேன்னுதான்.

— அதைத்தான் பாவம்னு சொன்னேன்.

— பாவம் இல்ல.

— பின்ன என்ன? சொல்லுங்க. நிக்கிறேன்ல, சொல்லுங்க. பாத்தீங்களா பாய்? மாட்டுப் பல்லைப் பாக்கக் குனிஞ்சுட்டாரு. அப்ப மாமா வாயைப் பாத்தாரு, இப்ப மாட்டு வாயைப் பாக்குறாரு. வேற ஆளைப் பாருங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது.

— சரி ராவுத்தரே. நான் வரேன். நல்ல கையாப் பாத்து முடிச்சுக் குடுங்க.

— மாப்ளே! ஏய் வீரமலை! நில்லுய்யா! போறானே. நிஜமாவே போறானே.

— போகட்டும்.

— போகட்டும். நீயும் கூப்பிடாதே தங்கச்சி. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன், கூப்பிட்டா விலை போச்சு.

— நான் எங்க கூப்பிட்டேன்?

— கூப்பிடல. கழுத்து மட்டும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கு.

— வெயில் இந்தப் பக்கம் அடிக்குது. எது வரைக்கும் போயிருக்காரு?

— வளையக்கடையைத் தாண்டிட்டான்.

— திரும்பிப் பாக்குறாரா?

— பாக்க மாட்டான். சின்னையா வளர்ப்பு. நீ பிச்சமுத்து வளர்ப்பு. உங்க ரெண்டு வீட்டுக்காரங்களுக்கும் பின்னங்கழுத்துல எலும்பே வேற மாதிரி படைச்சிருக்கான் ஆண்டவன். அதோ, பொரிகடலைக் கடை. அதுக்கு அப்புறம் ரோடு. ரோட்டுல ஏறிட்டா பஸ்ஸோ வண்டியோ, முடிஞ்சு போச்சு.

— முடிஞ்சா முடியட்டும். வேற ஆளைக் கூப்பிடுங்கன்னேனே, ஏன் நிக்கிறீங்க?

— நீ ஏன் மாட்டுக் கொம்பை அந்தப் பிடி பிடிச்சிருக்கே? அதுக்கு வலிக்காதா?

— பாய், ரோட்டுல ஏறிட்டாரா?

— ஏறல. நிக்கிறான்.

— யார்கிட்டயாவது பேசிக்கிட்டு நிக்கிறாரா?

— யாரும் இல்ல. சும்மா நிக்கிறான். முண்டாசை அவிழ்க்கிறான். முகத்தைத் துடைக்கிறான். மறுபடியும் கட்டுறான். யா அல்லா! தங்கச்சி, திரும்பிட்டான். வரான்! அத்தனை வியாபாரிங்களும் பாக்குறானுங்க, இவன் பாட்டுக்கு வெறுங்கையை வீசிக்கிட்டு வரான்!

— வந்துட்டேன் ராவுத்தரே.

— என்னய்யா வந்துட்டே? போற மாதிரி போயிட்டுத் திரும்பி வர்றவனை இந்தச் சந்தை ஒரு வருஷத்துக்குப் பேசுமே! இனிமே உனக்கு எவன் விலை குறைப்பான்?

— பேசட்டும். துண்டை மடிச்சு வைங்க, அது வேண்டாம். எல்லாரும் கேட்டாலும் சரி. பவுனு, நான் திரும்பி வந்துட்டேன். தோத்தவன் நான்தான். மாட்டுக்கு நீ சொல்றதுதான் விலை. அன்னிக்கே வந்திருக்கணும். மாமாவைச் சொல்லி என்ன பண்றது, நடக்க வேண்டிய கால் என்னோடதுதானே? உப்பிலியபுரம் போகாதே. என்கூட வந்துடு. நம்ம ஆளுங்கள்ல ரெண்டாந்தரம் கட்டுறது ஒண்ணும் புதுசில்ல. பரிசம் எத்தனைன்னு உங்கண்ணன் சொல்லட்டும், நான் எண்ண மாட்டேன்.

— சந்தையில நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது?

— வீட்டு வாசல்ல வந்து கேக்கத் தெரியாமத்தானே போச்சு. இங்கயாவது கேக்குறேன்.

— முதல்ல மாட்டை முடிப்போம். பாய், இங்க பாருங்க. தட்டுறேன். முதல்ல கேட்டதுதான். அதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல.

— அல்ஹம்துலில்லா! இது விலை! இதைத்தானே முதல்லயே... சரி, மாப்ளே, இந்தா என் விரல். சம்மதமா?

— சம்மதம்.

— முடிஞ்சுது. ஜோடி உன்னோடது. பணத்தை ராமர் வந்ததும் அவன் கையில குடுத்துடு, இவ கையில குடுத்தா திருப்பிக் குடுத்தாலும் குடுத்துடுவா.

— நான் கேட்டதுக்கு பதில் சொல்லலையே பவுனு.

— பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— சரி. நான் கேட்டுட்டேன். அதுவரைக்கும் போதும். ராவுத்தரே, நீங்க மாட்டைப் பாத்துக்கங்க. நான் கயித்துக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்.

— போ மாப்ளே, போ. என்னம்மா நீ? ஒரு மனுஷன் சந்தை பாக்கத் தலையை இறக்கிக்கிட்டு வந்து கேக்குறான். இல்லைன்னா இல்லைன்னாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸு, பஸ்ஸு! அந்த பஸ்ஸு என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கு?

— நீங்க மாடு விக்கிற தரகுக்காரரா, கல்யாணத் தரகுக்காரரா?

— ரெண்டும்தான். ரெண்டுலயும் இன்னிக்கு வரைக்கும் நஷ்டம்தான். அதோ, புதுக் கயிறு ரெண்டு வாங்கிக்கிட்டு வந்துட்டான். குடு மாப்ளே. தங்கச்சி, உன் பழைய கயித்தை அவிழ்த்துக்கோ. வித்தவங்க கயித்தோட மாட்டைக் குடுக்கக் கூடாது. மாடு போனாலும் கயிறு உங்க வீட்டு லட்சுமி, அது உன்கூடத்தான் வரணும். என்ன யோசிக்கிறே? நான் அவிழ்க்கட்டுமா?

— அவிழ்க்க வேண்டாம் பாய். எங்க வீட்டுக் கயிறு எங்க வீட்டுக்குத்தானே போகுது? மாட்டை நானே பிடிச்சுக்கிட்டு வரேன், அவரை முன்னால நடக்கச் சொல்லுங்க.